ஒத்துக்காரர் பேரன் எழுதுவது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி பிடித்து வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. நாங்கள் எல்லோரும் விசாரித்ததாகச் சொல். உன் பையனுக்கு வேலை மாற்றம் வந்தது பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

இங்கே சௌக்கியம். பெரிய செய்தி ஒன்றுதான்: மகள் நாகஸ்வரம் கற்கத் தொடங்கியிருக்கிறாள். அப்பா வங்கி வேலைக்குப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தொடாத வாத்தியம். இப்போதைக்குச் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்கு, உதட்டில் சரியாக உட்காரவில்லை, மூச்சு பாதியில் அறுந்துபோகிறது. ஆனாலும் விடியற்காலையில் அந்தச் சத்தம் வீட்டுக்குள் எழும்போது எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது. கைபேசியில் சுருதியை ஓடவிட்டுத்தான் சாதகம் செய்கிறாள். ஒருநாள், "அந்தக் காலத்தில் இதற்கு என்னப்பா வைத்திருந்தார்கள்?" என்று கேட்டாள். "உன் கொள்ளுத்தாத்தாவை வைத்திருந்தார்கள்" என்றேன்.

உனக்குத் தாத்தாவை நன்றாக நினைவிருக்கும். சுவாமி புறப்பாட்டுக்கு நாம் இரண்டு பேரும் நாகஸ்வர செட்டின் பின்னாலேயே நடப்போமே. முன்னால் நாயனக்காரர்கள் இரண்டு பேர், தவில் இரண்டு பேர், பக்கத்தில் தாளம். தாத்தா ஒரு அடி பின்தள்ளி, 'ஒத்து' என்கிற சுருதி வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்க நாகஸ்வரம் மாதிரியேதான் இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழே இருக்கும் துளைகளில் மெழுகை வைத்தும் எடுத்தும் சுருதி சேர்ப்பார். அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம்தான். புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில் கிளம்பி, தெற்கு வீதி மூலையில் நின்று ராகம் விரித்து, தவில் தனி முடிந்து, நிலைக்கு வந்து சேரும்வரை அந்த ஒரு ஸ்வரம் அறுந்துவிடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே விடும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். அந்தக் கன்னத்தைப் பார்த்து நீ எத்தனை தடவை அதேபோல் செய்து பார்த்திருக்கிறாய்! ராகம் எங்கே போனாலும் திரும்பி வந்து நிற்கிற தரை அவருடைய மூச்சு. அது கொஞ்சம் இறங்கினால் மொத்தக் கச்சேரியும் சாய்ந்துவிடும்.

நீ அனுப்பிய, நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டேன். அவர் மறைந்தது 1956இல். நானும் நீயும் பிறக்கும் முன்பே. நாயனத்தின் நீளத்தைக் கூட்டி, சுருதியைத் தாழ்த்தி, அந்தக் கனமான நாதத்தைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதையெல்லாம் நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்தத் தடவை என் காது பின்னால் இருக்கும் சுருதியையே தேடிப் போனது. சுருதிப்பெட்டி வந்த பிறகு ஒத்துக்காரர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். ஊரில் தாத்தாவை எல்லோரும் 'ஒத்துக்காரரே' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகையோ, திருவிழா நோட்டீஸோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. நாயனக்காரர் பெயர் போட்டு, 'குழுவினர்' என்று முடித்துவிடுவார்கள்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயில் திருச்சுற்று மாளிகையின் புறச்சுவரில் தளிச்சேரிக் கல்வெட்டு (தளிச்சேரி என்றால் கோயில் ஆடல் மகளிர் குடியிருந்த தெரு) இருக்கிறதல்லவா, அதன் அச்சுப் பாடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சொல்வது. நாலாயிரம் தடவை 'நானூறு ஆடல் மகளிர்' என்று படித்திருப்போம். எண்ணிக்கை நமக்குத் தெரியும். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பது வேறு அனுபவம். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. இப்படித் தெரு, வரிசை, வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர். திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு என்று நாம் சுற்றிய ஊர்களெல்லாம் வருகின்றன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கல்வெட்டு அவர்களோடு நிற்கவில்லை. நட்டுவம் செய்வார், வங்கியம் என்னும் குழல் ஊதுவோர், வீணை வாசிப்போர், தமிழ் பாடுவார், சங்கு ஊதுவோர், விளக்குப் பிடிப்பார், நீர் தெளிப்பார், தையற்காரர், வண்ணார் வரைக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. ஒருவர் இறந்தாலோ வேறு ஊர் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரை வைத்துச் செய்விக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. மகள் அதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஒத்து எனக்குத்தான் வரவேண்டுமா?" என்றாள். நான் அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன், வேறொன்றும் சொல்ல வரவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் விளக்குப் பிடித்தவருக்கும் கல்லில் ஓர் இடம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் ஊதியவருக்குத் தாளில்கூட இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

குடுமியான்மலை நினைவிருக்கிறதா? கல்லூரி நாட்களில் புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனோமே. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில், வெயிலில் கொதிக்கும் பாறையில், கிரந்த எழுத்தில் ஸ்வரங்களாகவே வெட்டிய அந்த ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. ஏழு பகுதிகள், நாலு நாலு எழுத்தாக. ச, சி, சு, செ என்று ஒவ்வொரு ஸ்வரமும் உயிர்மாறி வருவதைக் கையிலிருந்த குறிப்பைப் பார்த்து நீ பாடியே தீருவேன் என்று நின்றாய். வெட்டியவன், உருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் என்றும், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்றும் அதன் முடிவில் வருகிறது. மகேந்திரவர்மனா வேறு யாராவதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தன் பெயரை எழுதாதவன் குருவின் பெயரை எழுதியிருக்கிறான். அன்றைக்கு அது நமக்குத் தோன்றவில்லை, இப்போது அந்த அரசன் மீது தனி மரியாதை வந்துவிட்டது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் செட் முழுவதும் நிற்கும் போட்டோ ஒன்று கிடைத்தது. தேர் நாளில் எடுத்தது. பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நாயனக்காரர்களையும் இடது பக்கத் தவில்காரரையும் அத்தை அடையாளம் சொல்லிவிட்டார்கள். மற்றத் தவில்காரரும், தாளம் பிடித்து நிற்கும் சின்னப் பையனும் யார் என்று தெரியவில்லை. உன் அம்மா அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். உட்காரவைத்து நிதானமாகக் கேள். பெயர், எந்த வீடு, யாருக்கு உறவு, எல்லாம் வேண்டும். பையனுக்கு இப்போது எழுபது வயது இருக்கலாம்; உயிரோடு இருந்தால் எங்கே இருக்கிறார் என்றும் விசாரி. நேரில் போய்ப் பார்க்க எனக்கு ஆசை.

அம்மா சொல்லச் சொல்ல உன் போனில் பதிவு செய்துகொள். அவர்கள் களைத்துப்போனால் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்