செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

அஸ்ஸலாமு அலைக்கும். தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

பட்டியலில் 112 பேர் இருக்கிறார்கள். இப்போது பாயில் இருப்பது 27 பேர். டீ வந்ததும் இன்னும் சிலர் வருவார்கள்.

வழக்கமான வேலைகள் நடந்தன. ரமளான் முழுக்கக் கஞ்சி காய்ச்சினோம். தக்கலையில் ஞானப்புலவர் பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழாவுக்குப் போனவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தோம். நூலகக் கூரை ஒழுகுகிறது. போன அறிக்கையிலும் ஒழுகியது.

இனி மதரஸா. வெளியே இதைப்பற்றிப் பேச்சு நீளமாகவே நடப்பதால் நானும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

“முன்னெல்லாம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் ஓதுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும், இப்போது கேட்கவில்லையே” என்பது புகார். சரி, கேட்காதுதான். எல்லோரும் சேர்ந்து கத்துவதை நிறுத்தியது நான். ஓதிக்கொடுக்கும் உஸ்தாதைக் குறை சொல்ல வேண்டாம்.

காரணம் இதுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை இரண்டு வருடமாகக் கூட்டத்தோடு வாயசைத்துக்கொண்டிருந்தது. தனியே உட்கார வைத்துக் கேட்டால் ஜீம், ஹா, கா மூன்றும் அதற்கு ஒன்றுதான். உடம்பு ஒரே மாதிரி இருக்கும் அரபு எழுத்துகள். புள்ளி உள்ளே கீழாக இருந்தால் ஜீம், மேலே இருந்தால் கா, புள்ளியே இல்லாவிட்டால் ஹா. இதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்பதில்லை. முப்பத்தெட்டுப் பேருக்குச் சேர்த்துச் சொன்னது அதன் காதில் விழவில்லை.

நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவன். 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது அட்டையும் ஏணியுமாகப் பிள்ளைகளை அவரவர் படியில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதே முறையில் அலிஃப் முதல் யா வரைக்கும், அப்புறம் ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறிகளுக்கும் அட்டை எழுதி லேமினேஷன் செய்தேன். ஓர் அட்டையை முடித்துக் காட்டினால்தான் அடுத்தது. மேலே சொன்ன பிள்ளை மூன்று வாரம் ஒரே அட்டையில் நின்றது. நான்காவது வாரம் அதுவே என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அடுத்தது தாங்க சாரே” என்றது.

இதைப் புதுமோஸ்தர் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு ஓதிக்கொடுத்த லெப்பை எப்படிக் கொடுத்தார்? ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு, நேற்றைய ஸபக்கை, அதாவது பாடத்தை, கேட்டு, சரியாகச் சொன்னால்தான் புதுசு. அன்றைக்குப் பிள்ளைகள் குறைவு, இன்றைக்குக் கூடுதல், வித்தியாசம் அவ்வளவுதான். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்தார், ஒரே அமர்வில் நூறு காரியத்தில் கவனம் வைத்தார். நம் உஸ்தாத் பாவலர் இல்லை. அவருக்குத் துணையாக ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று கமிட்டியில் சொன்னேன். மூன்றிலும் மினிட்ஸில் எழுதிக்கொண்டார்கள்.

அட்டைச் செலவுக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. அனுமதி கேட்க நான் கூட்டிய கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள்.

இதோடு சேர்ந்ததுதான் சனிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு பையன்களுக்கு நடக்கும் வகுப்பும். காலேஜ் படிக்கும் ஒரு பையன் வந்து, “நம்ம பள்ளிவாசல்ல சாயங்கால அஸர் பாங்கை ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்றாங்க, என் போனில் நேரம் வேறே” என்றான். பெரியவர் ஒருவர் போனை மூடச் சொன்னார். அவன் போனை மூடவில்லை. பள்ளிக்கு வருவதைத்தான் நிறுத்தினான். நான் அவன் வீட்டுக்குப் போய் உஸ்தாதிடம் கூட்டி வந்தேன். அவர் முற்றத்தில் ஒரு கம்பை நட்டார். நடுப்பகலில் விழும் நிழலைக் கழித்து, கம்பின் அளவுக்கு நிழல் வந்ததும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்ட வழியில்) அஸர், இரண்டு மடங்கு வந்ததும் ஹனஃபியில் அஸர் என்று அளந்து காட்டினார். நம் பள்ளி ஷாஃபிஈ, இவன் போனில் ஹனஃபி என்று வைத்திருந்திருக்கிறான். பாங்கும் தப்பில்லை, போனும் தப்பில்லை.

அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போடலாம் என்று வைத்தோம். தவணையில் போன் வாங்கினால் வட்டியா, இரணியலில் ரயிலேறித் தினமும் திருவனந்தபுரம் போய்வருபவன் கஸர், அதாவது பயணத்தில் தொழுகையைச் சுருக்கி, தொழலாமா என்றெல்லாம் வந்தன. கஸர் தொழலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்தப் பயணம் எண்பது கிலோமீட்டருக்குக் குறைவு, நம் மத்ஹபில் ஆகாது என்றார் உஸ்தாத். வட்டிக் கேள்விக்கு மட்டும், “கிதாபைப் பார்த்துட்டு வாறேன்” என்று ஒரு வாரம் தவணை வாங்கினார். பையன்கள் அதைத்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

போனில் மார்க்கம் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று திட்டுகிறவர்கள் ஒரு சனிக்கிழமையாவது வந்து உட்கார்ந்து பார்க்கலாம். இதுவரை கமிட்டியிலிருந்து வந்தவர் பொருளாளர் ஒருவர்தான். அவரும் சாவி வாங்க வந்தார்.

வரவு செலவு திருப்திகரமாக உள்ளது, அதாவது செலவு வரவைவிடச் சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம். சந்தா மாதம் ஐம்பது ரூபாய். ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 41 பேர். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் சங்கத்தை எப்படி நடத்த வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள். அவற்றையும் வரவில் எழுதலாமா என்று கேட்டேன், ஆடிட்டர் சம்மதிக்கவில்லை.

பந்தல் போட்டவர்கள், கஞ்சிக்கு அரிசி தந்தவர்கள், மைக் செட்காரர், மோதினார் எல்லோருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு ஆசை இல்லை. முட்டு வலி. புதிய செயலாளர் வந்தால் அட்டைகளை எண்ணி ஒப்படைக்கிறேன். இரண்டு அட்டை குறையும், பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உதவி உஸ்தாதுக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். முஹர்ரம் வரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார். 71 பேருடைய பாக்கி வந்தால் அவருக்கு ஒரு வருடச் சம்பளத்தில் பாதி தேறும். ரசீதுப் புத்தகமும் பேனாவும் டீ மேசையில் இருக்கின்றன.

வஸ்ஸலாம்.
செயலாளர்