உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதையும் ஒட்டுவில்லையில் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் குளிர்பதனப் பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் அதன் கதவில் இருக்கும் எரிசக்தி ஒட்டுவில்லையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 2008ஆம் ஆண்டிலிருந்து கட்டாயமாக இருந்துவரும் அந்த வில்லை, ஆண்டொன்றுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும், அதற்கு எத்தனை வெள்ளி (டாலர்) ஆகும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சலவை இயந்திரத்தில் தண்ணீர்ச் சிக்கனத்துக்கான குறியீடு இருக்கிறது. ஆனால், வாங்கும் பொருள் பழுதானால் அதற்கு உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பது மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தத் தகவலும் அதே அளவுக்குத் தேவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மிக்சியையே எடுத்துக்கொள்வோம். நம் சமையலறைகளில் அதைப் போல அன்றாடம் உழைக்கும் பொருள் வேறில்லை. பெரும்பாலும் அதில் முதலில் கெடுவது மோட்டார் அன்று. ஜாரின் அடியில் பிளேடை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரும், பிளேடின் தண்டைத் தாங்கி நிற்கும் புஷ்ஷும்தான். கப்ளரின் பற்கள் தேய்ந்துவிட்டால் கீழே மோட்டார் சுற்றும், மேலே பிளேடு நிற்கும், ரப்பர் கருகும் நாற்றம் வரும். புஷ் தளர்ந்துவிட்டால் சட்னித் தண்ணீர் தண்டு வழியாகக் கசிந்து, கறுத்த நீராக மோட்டாரின் மேல் சொட்டும். இரண்டுமே சில வெள்ளியில், சில நிமிடங்களில் மாற்றிவிடக்கூடிய பாகங்கள். எங்கள் வீட்டு மிக்சிக்கு இந்தப் பாகங்களைத் தேடி, அதை வாங்கிய கடைக்கே போனபோது, அந்த மாடல் நின்றுவிட்டது, ஜாரும் இனி வராது, புதிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மோட்டாரில் எந்தக் குறையும் இல்லாத ஒரு மிக்சி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு ரப்பருக்காகக் குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படிப் போகும் பொருள் எங்கே சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வளம் நீடித்திருப்பதற்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2021 ஜூலை 1 முதல், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, கைப்பேசி போன்றவற்றின் கழிவுக்கு அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்று ஆக்கப்பட்டது. புதிய பெட்டியை வீட்டில் இறக்கும் கடைக்காரர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லவும் வேண்டும். வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் மிக்சி, சோறு சமைக்கும் குக்கர், மின்கெண்டி ஆகியவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடம் தரப்படவில்லை. பழைய பொருள்களை வாங்கிச் செல்லும் காராங்குனிக்காரர் எடுத்துச் சென்றால் உண்டு; இல்லையென்றால் அவை மற்றக் குப்பையோடு எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த நிரப்பிடம் 2035வாக்கில் நிறைந்துவிடும் என்று அரசாங்கமே சொல்லிவருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவை உருவாக்கும் நாடு, பொருளின் முடிவைக் கவனிக்கும் அளவுக்கு அதன் ஆயுளையும் கவனிக்க வேண்டாமா?

பொருளின் ஆயுள் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அரைத்த ஜாரை இரவு முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டால் புஷ் சீக்கிரம் போய்விடும். கழுவிக் கவிழ்த்து வைத்தால் தாங்கும். குக்கரின் உள்பாத்திரத்திலேயே அரிசி களைந்து, அடிப்புற ஈரத்தைத் துடைக்காமல் வைத்தால் சூடேற்றும் தட்டு கறைபடும். நம் ஊர்ப் புழுக்கத்தில், துவைத்த கையோடு சலவை இயந்திரத்தின் கதவை இறுக மூடிவிட்டால் வாய்ப்புற ரப்பர் வளையத்தின் மடிப்புகளில் கரும்பூசணம் படரும். கதவைச் சற்றுத் திறந்துவைத்து, வளையத்தைத் துணியால் ஒற்றி எடுப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. வீட்டு வேலைகளில் யார் கண்ணிலும் படாதவை இவை. இல்லத்தரசிகளும் பணிப்பெண்களும் நாள்தோறும் செய்கிறார்கள், அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் எவ்வளவு பார்த்துப் பார்த்துப் புழங்கினாலும் ரப்பர் ஒருநாள் இறுகி வெடிக்கத்தான் செய்யும். அன்றைக்கு மாற்று வளையம் கிடைக்கவில்லை என்றால், அத்தனை நாள் பட்ட பாடும் வீண்.

சட்டம் இப்போது தரும் பாதுகாப்பு இதற்குப் போதாது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டத்தின்படி, வாங்கிய 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அது குறையுள்ள பொருளுக்கான நிவாரணம். நல்ல பொருள் வயதாகும்போது அதனால் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, 2021 மார்ச்சிலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் சலவை இயந்திரத்தின் முக்கியப் பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கும், குளிர்பதனப் பெட்டியின் பாகங்களை 7 ஆண்டுகளுக்கும் தயாரிப்பாளர்கள் தந்தாக வேண்டும். பிரான்ஸ் அதே ஆண்டு ஜனவரியில், பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கடையிலேயே காட்டச் செய்தது.

சிங்கப்பூர் சிறிய சந்தை, உலக நிறுவனங்களை நாம் கட்டாயப்படுத்த முடியாது என்று பதில் வரலாம். பாதுகாப்புச் சின்னம் இல்லாத மின்சாதனத்தை விற்கக்கூடாது என்று அதே நிறுவனங்களிடம் சொல்லி நடத்திக் காட்டிய நாடு இது. மின்சாரத்தை விழுங்கும் பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதும் என் வாதமன்று; சிக்கனமான புதிய சாதனம் வாங்க அரசாங்கம் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருவது நல்லதே. ஆனால் அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டு வாங்கும் பெட்டிக்குக் கதவு ரப்பர் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்க வழி வேண்டும். 2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' தொண்டூழியர்கள் நம் பொருள்களைத் திறந்து பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறார்கள். பாகம் இல்லாவிட்டால் அவர்கள்தாம் என்ன செய்ய முடியும்?

ஆகவே, குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம், சலவை இயந்திரம் ஆகிய மூன்றிலும் உதிரிபாகம் கிடைக்கும் காலத்தை ஒட்டுவில்லையில் அச்சிட வேண்டும் என்பதைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் பரிசீலிக்கவும், பிறகு மிக்சி, குக்கர் போன்றவற்றுக்கும் அதை விரிவுபடுத்தவும் வேண்டுகிறேன். விதிமுறை வரும்வரை, லிட்டில் இந்தியாவில் மிக்சியும் கிரைண்டரும் விற்கும் நம் வணிகர்கள், ஜார், கப்ளர், பெல்ட் ஆகியவற்றை எந்த ஆண்டுவரை தருவோம் என்பதை ரசீதிலேயே எழுதித் தரத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்