ரோபோட்டிக்ஸ் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வழிகாட்டும் ஆசிரியர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதியவர்களுக்கான அறிமுக வகுப்புகள், பட்டறைப் பாதுகாப்புப் பயிற்சி, கருவி இருப்புக் கணக்கு எல்லாம் இந்த ஆண்டும் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மன்றத்தின் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்கியது போட்டி ரோபோவுக்கான சி.வி.டி. (மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுற்று விகிதத்தைப் படிகள் இல்லாமல் மாற்றும் அமைப்பு) என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியே இருக்கும்.

சென்ற பொதுக்குழுவில் ரோபோவுக்கு சி.வி.டி. செய்வது என்ற தீர்மானம் நிறைவேறியபோதே பலருக்கு அரைமனசுதான். "இரண்டு கியர் போதாதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. அந்தக் கேள்வியை யாரும் ஒதுக்கவில்லை. ஆண்டு முழுவதும் அது வேலை மேஜையில்தான் கிடந்தது.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக: சி.வி.டி.யில் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் கிடையாது. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு வி-பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் உள்ளே இறங்கும். ஒரு புல்லியில் ஏறும்போது மற்றதில் இறங்குவதால் விகிதம் இடைவெளி இல்லாமல் மாறிக்கொண்டே போகும். கியர் போடத் தேவையில்லாத ஸ்கூட்டர்களில் இருப்பது இதுதான். காரில் இதைப் பரவலாக்கியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம். 1958-ல் அறிமுகமான டாஃப் 600 அதன் முதல் கார். 1993-ல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா ஒன் காரில் சோதித்துப் பார்க்க, 1994 விதிகள் அதற்குக் கதவைச் சாத்தின. தடை செய்யும் அளவுக்கு நல்ல பொருள் என்று நம் இளைய உறுப்பினர்கள் துள்ளிக் குதித்ததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

வடிவமைப்புக் குழு முதலில் கையிலெடுத்தது கணக்கை. அதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். நம்மிடம் இருப்பவை சி.ஐ.எம். என்ற வகை மின்மோட்டார்கள் நான்கு. 12 வோல்ட்டில், சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,330 சுற்று. நின்றுபோகும் நிலையில் 2.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, 131 ஆம்பியர் மின்னோட்டம். இப்படிப்பட்ட மோட்டாரின் உச்சத் திறன் சரிபாதிச் சுற்றில் கிடைக்கும், ஏறத்தாழ 337 வாட். ஆகவே மோட்டாரை எப்போதும் பாதிச் சுற்றிலேயே வைத்திருக்கட்டும் சி.வி.டி. என்பதுதான் முதல் யோசனை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் அதுவே.

அதைக் கவிழ்த்தது மின்சாரப் பிரிவு. பாதிச் சுற்றில் ஒவ்வொரு மோட்டாரும் 67 ஆம்பியர் இழுக்கும், நான்குக்கும் சேர்த்து 268. மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் நம் பிரேக்கர்களோ மோட்டாருக்கு 40 ஆம்பியர். உள்ளே போகும் மின்திறனில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். பேட்டரி வோல்ட்டேஜும் சரியும். அதே மோட்டாரை 70 சதவீதச் சுற்றில் ஓட்டினால் உச்சத் திறனில் 84 சதவீதம் கிடைக்கிறது, மின்னோட்டம் மட்டும் 41 ஆம்பியராக இறங்கிவிடுகிறது. பதினாறு சதவீதத்தை விட்டுக்கொடுத்து ஏறத்தாழ நாற்பது சதவீத மின்னோட்டத்தை மிச்சப்படுத்தும் பேரம் இது. இந்த ஆண்டின் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பது என் கருத்து. சி.வி.டி. இல்லாத ரோபோவில் இந்தப் பேரத்தைப் பேசவே முடியாது, ஏனென்றால் அங்கே மோட்டாரின் சுற்றைத் தீர்மானிப்பது சக்கரம்.

ரோபோவின் எடை 50 கிலோ, தரையோடு உராய்வுக் கெழு 1 என்று வைத்தால் சக்கரங்கள் 490 நியூட்டனுக்கு மேல் தள்ள முடியாது, வழுக்கிவிடும். 70 சதவீதச் சுற்றில் கிடைக்கும் மொத்தத் திறன் சுமார் 1,125 வாட். திறனைத் தள்ளும் விசையால் வகுத்தால் விநாடிக்கு 2.3 மீட்டர் வேகம். அதற்குக் கீழே எவ்வளவு திறன் கொடுத்தாலும் சக்கரம்தான் சுழலும். எனவே விகிதம் மாற வேண்டியது 2.3-லிருந்து நாம் குறித்த உச்ச வேகமான 4.5 மீட்டர் வரை மட்டுமே, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 21 மில்லிமீட்டர் ஆரத்திலிருந்து 30 வரை பெல்ட் ஏறி இறங்கினால் அது கிடைத்துவிடும். பின்னால் 6-க்கு 1 நிலையான கியர் குறைப்பு. 26 பாகைக் கூம்புக்கு, தட்டு நகர வேண்டிய தூரம் வெறும் 4 மில்லிமீட்டர் சொச்சம்.

புல்லிகளை மோட்டார் பக்கமே வைத்ததும் கணக்கின் பேரில்தான். அங்கே முறுக்கு விசை குறைவு. பெல்ட் வழுக்காமல் பிடிக்க 120 நியூட்டன் அமுக்கம் போதும், பாதுகாப்புக்கு அதை இருமடங்காக்கினோம். கியர் குறைப்புக்குப் பின்னால் வைத்திருந்தால் எல்லாமே ஆறு மடங்கு.

அடுத்து வந்தது இடதும் வலதும். டாஃப் காரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட். வளைவில் இரண்டும் வெவ்வேறு விகிதத்துக்குப் போய் டிஃபரென்ஷியல் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்) வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டன. காருக்கு வரமான அது நமக்குச் சாபம். இரு பக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தால் திரும்பும் ரோபோவில், ஒரு பக்க விகிதம் தன் விருப்பத்துக்கு மாறினால் நேராகப் போகச் சொன்னாலும் கோணலாகத்தான் போகும். ஸ்கூட்டர் பாணியில், சுற்று கூடக்கூட வெளியே ஒதுங்கித் தட்டைத் தள்ளும் மையவிலக்கு உருளைகளை வைத்துப் பார்த்தபோது நடந்ததும் அதுதான். அவற்றைக் கழற்றிவிட்டு, ஒரே குறுக்குத் தண்டிலிருந்து இரு பக்கத் தட்டுகளையும் தள்ளும் திருகு அமைப்புக்கு மாறினோம். 2 மில்லிமீட்டர் புரி, இரண்டு சுற்றில் முழு நகர்வு. மின்சாரம் இல்லாமலே திருகு நின்ற இடத்தில் நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

முதல் தட்டுகளை முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்தோம். அளவு பார்க்க அது சரி, ஓட்டத்துக்கு அல்ல. 60 பாகை செல்சியஸை ஒட்டியே பி.எல்.ஏ. இளகத் தொடங்கும். ஓட்டிவிட்டுக் கழற்றியபோது கூம்பின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. 21 மில்லிமீட்டர் ஆரத்தில், பெல்ட் அதிக நேரம் உட்கார்ந்த இடத்தில், நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். பெல்ட் அதற்குள் விழுந்துகொண்டு மேலே ஏற மறுத்தது. அலுமினியத்தில் லேத்தில் கடைந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று.

போகாத தொல்லை ஒன்று உண்டு. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தால்தான் புல்லியில் ஏறி இறங்கும். முழு வேகத்தில் போய் எதையாவது முட்டி நின்றால், விகிதம் உச்சத்திலேயே மாட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் எதிராளியைத் தள்ளப் பார்த்தால் மோட்டாருக்கு 80 ஆம்பியர் வரை போகும், பிரேக்கர் விழும். வேகம் குறையத் தொடங்கியதுமே விகிதத்தை இறக்கும்படி நிரல் குழு எழுதியது சாதாரண நிறுத்தத்துக்கு அருமையாக உதவியது. மோதலுக்கு உதவவில்லை, அவ்வளவு வேகமாகத் திருகு சுற்றாது.

போட்டியில் தொடக்கச் சுற்றுகளை சி.வி.டி.யோடுதான் ஆடினோம். திறந்த களத்தில் ரோபோ ஓடிய அழகை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெளியேற்றுச் சுற்றுகளில் இடியும் தள்ளும்தான் ஆட்டம். அணித்தலைவர் யோசித்து, அதே போல்ட் துளைகளில் பொருந்தும்படி முன்கூட்டியே செய்து வைத்திருந்த இரண்டு கியர் பெட்டியை இடைவேளையில் மாட்டினார். செயற்குழு அந்த முடிவை முழுமையாக ஆதரிக்கிறது. மாற்றுப் பெட்டியைப் பொறுமையாகச் செய்து முடித்த முதலாண்டு உறுப்பினர்களின் பெயர் எந்தப் பரிசுப் பட்டியலிலும் வராது என்பதால் இங்கே அவர்களுக்குத் தனியாக நன்றி.

இரண்டு கியர் போதாதா என்ற கேள்விக்கு என் விடை: தேவைப்படும் வீச்சு இரண்டு மடங்குதான் என்னும்போது, தள்ளுமுள்ளு ஆட்டத்துக்கு இரண்டு கியர் போதும். ஓட்டமே பிரதானமான ஆட்டம் வந்தால் சி.வி.டி.யை மறுபடி எடுக்கலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. திருகுக்குப் பதிலாக, மோதினால் உடனே விடுபடும் ஸ்பிரிங் அமைப்பு ஒன்றைச் சோதனை மேஜையில் மட்டும் செய்து பார்ப்பது; ரோபோவில் ஏற்றுவதைப் போட்டி விதிகள் வந்த பின் முடிவு செய்வது. லேத் பயிற்சியை இரண்டாம் ஆண்டு உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்குவது. இரண்டும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் எனக் கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்