அந்தச் சனிக்கிழமை நீ போகாதது பற்றி

அன்புள்ள கண்ணு,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் என்னிடம் இதையே கேட்ட நாலாவது ஆள் நீ. நாலு பேருமே என்னிடம் சிலம்பமோ கராத்தேயோ கற்றவர்கள். அதனால் உன் சம்மதத்தோடு, பெயரையும் எஸ்டேட்டையும் விட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றி, எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சம்பளச் சனிக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடியது என்று எழுதியிருந்தாய். அந்தச் சத்தத்துக்கு அடியில் பாத்திரம் உருளும் சத்தம், அப்புறம் அந்த அக்காவின் குரல், அப்புறம் குழந்தையின் குரல். நீ கம்பை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருபது நிமிஷம் நின்றாய். தாழ்ப்பாளில் கை வைத்தாய், திறக்கவில்லை. "ஒன்பது வருஷம் கற்றது எதற்கு மாஸ்டர்?" என்று கேட்டிருந்தாய்.

நீ போயிருக்க வேண்டும், கண்ணு. கம்பை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை.

2004-ல் நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தேன். வயது முப்பத்தொன்று. பழைய லைன் வீடுகள் உனக்குத் தெரியும்தானே, நடுச்சுவர் கூரைவரை ஏறாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியை அடிப்பது லைன் முழுக்கத் தெரியும். ஒரு நாள் ராத்திரி அந்த அம்மா கத்திய கத்தலில் நான் எழுந்து போய் அவர்கள் கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தது.

அவர் அவளுடைய தலைமுடியைப் பிடித்திருந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினேன். வகுப்பில் நூறு தடவை செய்து காட்டிய பிடிதான். வகுப்பில் எதிரில் இருப்பவன் வலித்தால் தரையைத் தட்டுவான், விட்டுவிடுவோம். இவர் குடித்திருந்தார். தட்ட வேண்டும் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எதிர்ப்பக்கமாக இழுத்தார். கேரட் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா ஓடி வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். "விடுடா என் புருஷனை" என்றாள். அவர்களுடைய ஆறு வயதுப் பையன் அடுப்போரமாக, பாதி தின்ற வர்க்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் ஸ்டேஷனில் இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்தோம். கட்டுப் போட்ட செலவை நான் ஏற்றுக்கொண்டேன். லைனில் இரண்டு நாள் என்னைப் பெரிய ஆளாகப் பேசினார்கள். அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அவருக்கு ஆறு வாரம் கை கட்டில் இருந்தது. வேலைக்குப் போக முடியவில்லை. அவள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்துக் கூலியில்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்த அவருக்கு ஒரே கேள்விதான். 'ஊரில் இத்தனை பேர் இருக்க, அவன் மட்டும் ஏன் உனக்காக வந்தான்?' எனக்கும் அவளுக்கும் தொடர்பு என்று பேச்சைக் கிளப்பினார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கையாலேயே அடித்தார். இப்போது அவள் கத்துவதில்லை. கத்தினால் நான் வந்துவிடுவேன், வந்தால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். என் அடியால் அவளுக்குக் கிடைத்தது அந்த மௌனம்தான். கட்டுப் பிரித்த வாரத்தில் ஒரு விடியற்காலையில் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவன் அன்று பார்த்தது அப்பாவைவிடப் பலமாக அடிக்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறான் என்பதைத்தான். அதை அவனுக்குக் காட்டியவன் நான்.

அதனால்தான் கம்பு வேண்டாம் என்கிறேன். பத்தடி அறைக்குள் நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற இடமே கிடையாது என்பது வேறு விஷயம். உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதிக்கும், காலுக்கடியில் குழந்தை இருக்கும், நம் மலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர் வீட்டு மூலையில் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருக்கும். நீ ஆயுதத்தோடு போனால் அவர் கையும் ஆயுதத்தைத் தேடும்.

சரி, போகாமல் இருந்திருந்தால் அது புத்திசாலித்தனமா? இல்லை. 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று லைன் முழுக்கச் சொன்னதை நான் பதினெட்டு வருடம் கேட்டிருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். ஒரு லைனில் பத்து வீடு என்று வைத்துக்கொள், கணக்கு உனக்கே வரும். அதிலும் நம் ஊரில், மூடுபனி இறங்கிய ராத்திரியில், போலீஸ் ஜீப் அத்தனை கொண்டை ஊசி வளைவைத் தாண்டி எஸ்டேட் ரோட்டில் ஏறி வருவதற்குள் எவ்வளவோ நடந்துவிடும். அவளும் ஓடி எங்கே போவாள்? இருட்டில் கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற ரோடு. அந்த நேரத்தில் அவளுக்கு இருப்பது ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற நீதான்.

எப்படிப் போக வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது எந்த ஆசானும் இல்லை. பிறகு நான் மாறிப்போன லைனில் ஒரு பாட்டி இருந்தார். எங்காவது சத்தம் கேட்டால் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கதவைத் தட்டி, "ஆத்தா, உறை மோர் கொஞ்சம் இருக்குமா?" என்பார். ராத்திரி ஒன்பதரை மணிக்கு. மோர் வாங்கியதும் திரும்ப மாட்டார். வாசற்படியிலேயே உட்கார்ந்து வெற்றிலை மடிக்க ஆரம்பிப்பார். அந்த ஆளால் பாட்டியைத் தாண்டிக் கதவைச் சாத்தவும் முடியாது, பாட்டி முன்னால் அடிக்கவும் முடியாது. அரை மணி நேரத்தில் அவர் படுத்துவிடுவார், அல்லது வெளியே போய்விடுவார். அந்த அரை மணி நேரத்தில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாம்.

பாட்டி செய்த எல்லாமே சரி என்று சொல்லவில்லை. போகும்போது அவளிடம் "பொறுத்துப் போ கண்ணு, ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதை மட்டும் நீ சொல்லாதே. யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசு. ஆனால் கதவைத் தட்டுவது வேலை செய்கிறது. 'பிரேக்த்ரூ' என்ற அமைப்பு 2008-ல் 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள், எதையாவது கேளுங்கள் என்பதுதான் அதன் செய்தி. அந்தப் பிரசாரத்தை நான் கேள்விப்பட்டபோது எனக்குப் பாட்டியின் டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

உனக்கு இதில் பாட்டியைவிடக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. உனக்கு எதிரில் ஒருவன் கையை ஓங்கினால் உன் மூச்சு சிதறாது. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், அவன் கை எங்கே இருக்கிறது, வெளியே போகும் வழி எது என்று உன் கண் தானாகவே பார்க்கும். ஒன்பது வருடம் காலடி பழகியது அந்த வாசலில் அசையாமல் நிற்பதற்கு உதவும். வாசலுக்கு வெளியே நில். நிலைக்குள் காலை வைக்காதே. தனியாகப் போகாதே, இரண்டு பெண்களையாவது கூட்டிக்கொள். அவளைத் திட்டுவதற்கோ அவனைத் திட்டுவதற்கோ வாயைத் திறக்காதே. "அக்கா, ஒரு நிமிஷம் வெளியே வாங்க, குழந்தைக்கு மருந்து வேணும்" என்பது போதும். போவதற்கு முன்னால் அம்மாவிடம் போனைக் கொடுத்து 112-க்கோ 100-க்கோ பேசச் சொல். லைன் எண், எஸ்டேட் பெயர், ஜீப் எதுவரை வரும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

கையை வைக்க வேண்டிய நேரமும் வரலாம். அவள் கழுத்தில் அவன் கை இருந்தால், மண்ணெண்ணெய் வாசனை வந்தால், கத்தி வெளியே வந்தால், குழந்தையைத் தூக்கி எறியப் போனால், அப்போது டம்ளருக்கெல்லாம் நேரமில்லை. உள்ளே போ. அவனை ஜெயிக்கப் பார்க்காதே. இடையில் புகுந்து பிரி, அவளையும் குழந்தையையும் வெளியே இழு, உன் வீட்டுக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போடு. அவன் துரத்தாவிட்டால் உன் வேலை அங்கே முடிந்தது. அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது.

சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-வது பிரிவு, உன் உடலை மட்டுமல்ல, இன்னொருவரின் உடலைக் காக்கவும் உனக்கு உரிமை தருகிறது. 37-வது பிரிவு அதற்கு எல்லை போடுகிறது. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமையைக் காட்டித் தப்ப முடியாது. எலும்பு முறிந்தால் சட்டத்தின் கணக்கில் அது கொடுங்காயம். நான் 2004-ல் செய்தது அதுதான். முடியைப் பிடித்திருந்த கையை விடுவித்ததோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. கோபம் இருந்தது. அத்தோடு, எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது என்ற எண்ணமும் உள்ளே எங்கோ இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது.

(பிளாக் பெல்ட் வாங்கியவர்கள் ஸ்டேஷனில் கையைப் பதிவு செய்ய வேண்டும் என்று உன் தம்பி கேட்டானே, அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது என்று சொல்லிவிடு.)

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். ராத்திரி நீ செய்வது கால்வாசி வேலைதான். மீதி எல்லாம் மறுநாள் பகலில், அவள் தனியாக இருக்கும்போது. குழாயடியிலோ, கொழுந்து எடை போடும் இடத்திலோ பக்கத்தில் நின்று, "நேத்து எனக்குக் கேட்டுச்சுக்கா. நீங்க எப்ப வந்தாலும் எங்க கதவு திறக்கும்" என்று சொல். அவள் ஒன்றும் நடக்கவில்லை என்பாள். சரி என்று விட்டுவிடு. இரண்டு வாரம் கழித்து மறுபடி சொல். பிரிந்து வா என்றோ, கேஸ் போடு என்றோ நீ முடிவு செய்யாதே. எப்போது கிளம்பினால் உயிருக்கு ஆபத்து, எப்போது இல்லை என்பது உன்னைவிட அவளுக்குத் தெரியும்.

அவள் கேட்கும்போது சொல்ல உன்னிடம் விவரம் தயாராக இருக்க வேண்டும். 181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் தொடங்கினார்கள். அவள் போனில் அதை வேறு பெயரில் பதிந்து கொடு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2005-ல் இயற்றி 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், வீட்டை விட்டு அவளைத் துரத்த முடியாதபடி உத்தரவு கேட்கலாம். அதே சட்டத்தின் 4-வது பிரிவு உனக்கானது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர்மேல் எந்த வழக்கும் நிற்காது. ஆனால் அவளுக்குத் தெரியாமல் அதைச் செய்யாதே, உயிர் போகிற நிலை தவிர. என் ஆறு வார அனுபவம் அதற்குக் காரணம்.

இன்னொன்று. எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் பல வருடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே வேறொரு பெண்ணின் ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்று, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றியபடி. என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள், என்னையே தொட விடமாட்டாள். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் வந்து டப்பாவைக் கேட்டாள். டீ குடித்தாள். மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுக் குழந்தையோடு கிளம்பினாள். கதவை உதைத்தவன் வீட்டில், யாரையும் அடிக்காமல் அந்த வேலை முடிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு டப்பாவுக்கு இடம் இருக்கும். அம்மாவிடம் கேள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வா. கம்பு எடுத்து வர வேண்டாம். மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஷெட் கதவைச் சாத்திவிட்டு நான் உள்ளே இருந்து கத்துகிறேன், கெட்ட வார்த்தையில் திட்டுகிறேன். நீங்கள் ஒவ்வொருவராக வந்து தட்ட வேண்டும். குரல் நடுங்காமல் உறை மோர் கேட்க வேண்டும். நான் கதவை முகத்தில் அறைந்து சாத்தினாலும் படியை விட்டு இறங்கக் கூடாது. முதல் தடவை எல்லாருக்கும் நடுங்கும். மதியம்வரை பழகுவோம்.

அன்புடன்,
உன் மாஸ்டர்