வாட்சைக் கொடுத்துவிட்டேன், நன்றி மட்டும் பாக்கி

இந்த மாதத்தோடு குதிரைப் பந்தயப் பத்தி எழுதுவதை நிறுத்திவிட்டேன். 1982இல் ஆரம்பித்தது. பார்வை மங்கிவிட்டது, 600 மீட்டர் கம்பத்தைத் தாண்டியது எந்தக் குதிரை என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, அப்படிப்பட்டவன் எழுதும் டைமிங்கை நம்பி இன்னொருவர் பணம் கட்டினால் பாவம் யாருக்கு? சரி, போதும். ஆனால் சிலருக்கு நன்றி சொல்லாமல் எழுந்து போக மனசு வரவில்லை.

முதலில், குதிரை ஓடும் நேரத்தை அளக்க எனக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர். இப்போது இல்லை. காலை ஐந்தரைக்குக் கிண்டி ரேஸ் மைதானத்தில் பயிற்சிக்கு வரும் குதிரை கண்ணுக்குத் தெரியாது, குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் முதலில் வரும். அந்த இருட்டில் என் கட்டைவிரலைப் பிடித்து வாட்ச் மேல் வைத்து, "கண்ணு குதிரை மேல இருக்கணும், வாட்ச்சப் பாத்தா டைம் தப்பும்" என்பார். 600 மீட்டரை 38 செகண்டில் ஓடிவிட்டது என்று நான் குதித்தால், "மேல இருக்கிற பையன் கை என்ன பண்ணுச்சு, அதச் சொல்லு" என்று கேட்பார். விரட்டி விரட்டி வந்த 38ஐ விட, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தும் தானாக வந்த 40 பெரிசு. இது புரியாமலே ரேஸில் ஆயுசைக் கழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

அப்புறம் என் செய்தி ஆசிரியர். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இலேயே சட்டம் வந்துவிட்டது, உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குக் கொடுத்திருந்த இடைக்காலத் தடையில்தான் கிண்டியில் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. "தம்பி, தடை போச்சுன்னா உன் வேலையும் போச்சு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார். 1986இல் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று என்னைக் கபடியும் கேரமும் எழுத அனுப்பினார். பத்து வருஷம் இழுத்து, 1996 ஜனவரி 12 அன்று, குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தேன். தீர்ப்பு சரிதான், என் பாக்கெட்தான் அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

இனி சொல்லப்போவது வெட்கக்கேடு. 1989. ஒரு குதிரை காலைப் பயிற்சியில் பிரமாதமாக ஓடியது, நாளைக்கு இதுதான் நிச்சயம் என்று பத்தி எழுதிக் கொடுத்துவிட்டு லாயத்துப் பக்கம் போனேன். அதைப் பார்த்துக்கொள்கிற குதிரைக்காரர், சைஸ் என்போம், அந்த அண்ணன் அதன் முன்னங்காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் என் கையை இழுத்து, முட்டிக்குக் கீழே பின்பக்க நரம்பில் வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. "ஓடும் சார். ஆனா வராது."

அச்சுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள். நான் மாற்றவில்லை. எழுதியாச்சே என்ற வீம்பு. அது போதாதென்று மறுநாள் சம்பளக் கவரில் மிச்சமிருந்த 900 ரூபாயையும் அதே குதிரை மேல் வின் கட்டினேன், முதலாவதாக வந்தால்தான் பணம்; முதல் சில இடங்களுக்குள் வந்தாலே பணம் தரும் பிளேஸ்கூட இல்லை. கடைசி 200 மீட்டர் வரை அதுதான் முன்னால். அங்கே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நான்காவதாக வந்தது.

அடுத்த நாள் காலை அந்த அண்ணன் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணே, அந்த டீக்கு இன்றுதான் நன்றி சொல்கிறேன். அதே வாரம் ஒரு பஸ் கண்டக்டர், பந்தயம் கட்டும் டோட் கவுன்ட்டரில் வாங்கித் தோற்ற டிக்கெட்டை இன்லண்ட் லெட்டரில் மடித்து எனக்கு அனுப்பியிருந்தார்: "சார், உங்க குதிரை இன்னும் வந்துகிட்டே இருக்குன்னு நினைக்கிறேன்." அவருக்கும் நன்றி. நிச்சயம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

அந்த மாதம்தான் என் மனைவி ஆபீசுக்கு வந்து காசாளர் ஐயாவிடம் பேசினாள். அதிலிருந்து எட்டு வருஷம், ஒன்றாம் தேதி நான் கையெழுத்துப் போடுவேன், ஐயா கவரை என் கண் முன்னாலேயே அவளிடம் நீட்டுவார், அவள் எனக்கு பஸ்ஸுக்கும் டீக்கும் எண்ணிக் கொடுப்பாள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வீட்டு வாடகை ஒரு மாதம் தவறவில்லை. டோட் கவுன்ட்டரில் ஒருவர் இருந்தார், விட்டதைப் பிடிக்கிற முகத்தோடு கடைசி ரேஸுக்கு நான் வந்து நின்றால் "சார், மெஷின் வேலை செய்யல" என்பார். எனக்கு முன்னால் நின்றவருக்கு அந்த மெஷின் டிக்கெட் கொடுத்திருக்கும்.

ஊட்டி சீசனில் டிரங்க் காலில் நான் கத்தியதை எழுதிக்கொண்ட பிழை திருத்துநருக்கும் ஒரு கும்பிடு. குதிரை சுமக்க வேண்டிய ஐம்பத்தாறரைக் கிலோவை ஐம்பதரை என்று போட்டிருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் குடி முழுகியிருக்கும்!

கட்டுகிற முழுப் பணத்துக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்று 2023 அக்டோபரில் ஆனது, 2025 செப்டம்பரில் அது 40. இதற்கு மேல் என்ன திறமை வைத்து ஜெயிப்பது? பழைய ஆட்கள் பலர் அதோடு ஒதுங்கிக்கொண்டார்கள், நல்லதுதான் என்று என் மனைவி சொல்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. 2024 செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து சீல் வைத்த அன்று எனக்கு வந்த போன்களில் பாதி சைஸ்களுடையது. யாரும் தன் வேலையைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "உள்ள குதிரைக்குத் தீனி போகுமா சார்?"

வாட்சை அந்த சைஸ் அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டேன். தம்பி, பட்டன் கொஞ்சம் இறுக்கம், அழுத்திப் பிடி.

டீக்கடை அக்கா, உங்கள் நோட்டில் என் பேரில் 46 ரூபாய் நிற்கிறது, மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.