உன் ஜன்னலில் இருந்த சிலந்தி

அன்புள்ள மகளுக்கு,

'இது என்ன சிலந்தி?' என்று கேட்டு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தாவும் சிலந்திதான், சந்தேகமே வேண்டாம். உன்னை ஒன்றும் செய்யாது, விரட்டாதே.

முகத்தைப் பார்த்தாலே இந்தக் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். எட்டுக் கண்களில் முன்பக்க நடுவில் இருக்கும் இரண்டு மட்டும் வண்டியின் முகப்பு விளக்குகள் மாதிரி பெரிதாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு கண்கள்தான். லென்ஸ் தலையின் ஓட்டோடு ஒட்டியது, அசையாது. அதன் பின்னால் ஒரு நீண்ட குழாய், குழாயின் கடைசியில் விழித்திரை. குழாயைத் தசைகள் இழுத்துத் திருப்புவதால், உடம்பு அப்படியே இருக்கப் பார்வை மட்டும் நகரும். வெளிர் நிறச் சிலந்திகளில் கண் கறுத்து வெளுப்பதாகத் தெரிவது இதனால்தான்.

விழித்திரையில் நான்கு அடுக்குகள். பச்சை ஒளி ஓர் அடுக்கில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழும். எவ்வளவு மங்கல் என்பதை வைத்து இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பச்சை இல்லாத சிவப்பு ஒளியில் விடப்பட்ட சிலந்திகள் தூரத்தைத் தவறாகக் கணித்து, இரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்தன. எவ்வளவு அழகான சோதனை, பார்! மற்ற கண்கள் பெரும்பாலும் சுற்றிலும் நடக்கும் அசைவைக் கவனிப்பவை.

'இந்தக் குச்சிக் கால்களால் எப்படித் தாவுகிறது?' என்று கேட்டிருந்தாய். கால்களை மடக்கத் தசை உண்டு, முக்கியமான மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது. உடலின் முன்பகுதியில் திரவ அழுத்தம் திடீரென ஏற, பின்கால்கள் விசுக்கென்று நீளும். வெட்டுக்கிளிக்கு இருப்பது போன்ற தடித்த தொடை இதற்குத் தேவையில்லை. தாவும் முன் ஒரு பட்டிழையை ஒட்டிவிட்டுத்தான் கிளம்பும்.

சரி, பெயருக்கு வருகிறேன். தாவும் சிலந்திகளின் குடும்பப் பெயர் சால்டிசிடே. அதில் 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. சிலந்திகளிலேயே இதுதான் பெரிய குடும்பம். 2015இல் சிலந்தி ஆய்வாளர் வேய்ன் மாடிசன் இதை ஏழு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார், ஆனால் மிகப் பெரும்பான்மை சால்டிசினே என்ற ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. எறும்பைப் போலவே தோன்றி, முன்கால்களை உணர்கொம்புபோல ஆட்டும் மிர்மராக்னே என்ற பேரினமும் அதில்தான் வருகிறது.

உன் சிலந்தியின் சிற்றினத்தை மட்டும் இந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. நிறத்தை நம்பக்கூடாது. ஒரே சிற்றினத்தில் ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம், குஞ்சு இன்னொன்று. வாயருகே இருக்கும் உணர்கால்களின் நுனியில் ஆணுக்குள்ள இனப்பெருக்க உறுப்பும், பெண்ணின் வயிற்றின் அடியில் உள்ள உறுப்பும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். அதுவும் முழு வளர்ச்சி பெற்ற சிலந்தியில்தான் பார்க்க முடியும். உணர்கால் நுனி குத்துச்சண்டைக் கையுறையாகப் பருத்திருந்தால் ஆண்.

அடுத்த முறை நேர் எதிரிலிருந்து ஒரு படமும், மேலிருந்து ஒன்றும் எடு. கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து வயிறும் தெரிந்தால் இன்னும் நல்லது. பேரினம் வரையாவது முயன்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா