ஈரத் தகட்டில் விழுந்த போர்

கும்பகோணம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தில் நீ ரொம்ப இளைத்துத் தெரிகிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கண் தெளிந்ததும் நான் உட்கார்ந்து பார்த்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்களை. அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் பெரிய அளவிலேயே வைத்திருக்கிறது. நம் இருட்டறைப் பாடெல்லாம் ஒன்றுமே இல்லை, முருகேசா. கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். மொத்தமே பத்து நிமிடம் போலத்தான். அதனால் குதிரை வண்டியையே இருட்டறையாக்கிப் படையோடு போனார்கள். லென்ஸ் மூடியைக் கழற்றினால் எதிரில் இருப்பது சில விநாடி அசையக் கூடாது. ஓடுகிற சிப்பாய் படத்தில் எப்படிப் பதிவான்? அசையாததைத்தான் எடுத்தார்கள்: கோட்டை, பதுங்குகுழி, பீரங்கி, பிணம்.

1862 மார்ச்சில் வர்ஜீனியாவின் சென்டர்வில் ஊரை விட்டுத் தெற்குப் படை, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை, போனபின் எடுத்த படம் ஒன்று. மண் அரணில் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது வெறும் மரத்தடி! அதே வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் ரயில் வண்டியில் ஏற்றிவைத்த ‘டிக்டேட்டர்’ மார்ட்டரோ (குண்டை உயர வீசும் குட்டைப் பீரங்கி) நிஜம். 13 அங்குல வாய், 17,000 பவுண்டு எடை.

ஒரு விஷயம்தான் மனதை அறுக்கிறது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் என்ற படக்காரரின் குழு, இறந்த சிப்பாய் ஒருவனைச் சுமார் 40 கஜம் தூக்கிப்போய், பாறை மறைவில் கிடத்தி, பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்திப் படமெடுத்திருக்கிறது. அது நூறு வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. நாமும் சாவு வீட்டில் உடலை நாற்காலியில் உட்காரவைத்து, தலையை நிமிர்த்தி எடுத்திருக்கிறோம். ஆனால் அது வீட்டார் கேட்டு, அவர்கள் கண் முன்னால், அவர்கள் வைத்துக்கொள்ள எடுத்தது. அந்தப் பையனுக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லையே. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அப்புறம் தாமஸ் ரோச் என்ற இன்னொரு படக்காரர் எடுத்தவை. பீட்டர்ஸ்பர்க்கில் ஒன்பது மாதத்துக்கு மேல் முற்றுகை, 30 மைலுக்கு மேல் பதுங்குகுழி. குச்சியால் முடைந்த கூடைகளில் மண்ணை நிரப்பி அடுக்கிய சுவர்கள். 1865 ஏப்ரல் 2 இரவு தெற்குப் படை ஊரைக் காலி செய்தது. மறுநாள் ரோச் அங்கே தெற்குப் படையின் மஹோன் கோட்டைக்குள் இறங்கி எடுத்த படங்களில், குழிச் சேற்றில் சிப்பாய்கள் செத்துக் கிடக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சட்டை மடிப்புகூடத் தெரிகிறது. ஆறே நாளில், 9ஆம் தேதி, தெற்குப் படைத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்துவிட்டார். அந்த ஆறு நாளை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்ட்னர் செய்தது பற்றி நீ என்ன சொல்கிறாய்? நம் இருவரில் சாவு வீட்டுக்கு அதிகம் போனவன் நீதான். விரிவாக எழுது. தை பிறந்ததும் வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு